ரேஷனல் முறையா, கர்வ் நம்பரா? ஒரே நிலத்துக்கு வந்த இரண்டு வெள்ளக் கணக்குகள்

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கத்தில் 80 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு மழைநீர் வடிகால் வடிவமைப்பதற்காக நீங்கள் இரண்டு வழிகளில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. மழை பெய்வதாக எடுத்துக்கொண்டதில், ரேஷனல் முறை உச்ச ஓட்டமாக விநாடிக்கு 8 கன மீட்டரைத் தந்தது. கர்வ் நம்பர் முறை 4.1 கன மீட்டரைத்தான் தந்தது. நிலமும் மழையும் ஒன்றாக இருக்கும்போது விடை மட்டும் பாதியாகக் குறைவது எப்படி, இரண்டில் எதை நம்பி அறிக்கையில் எழுதுவது என்பது உங்கள் கேள்வி.

இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி முறைகளுக்கு இடையிலான வித்தியாசம் அல்ல. நீங்கள் அறியாமலேயே இரண்டு கணக்குகளிலும் இரண்டு வேறு நிலங்களை வைத்திருக்கிறீர்கள்: ஒன்றில் வீடுகள் நெருங்கிய, ஓரளவு ஊறிய நிலம், மற்றொன்றில் நீரை நன்றாக உறிஞ்சக்கூடிய, அவ்வளவாக நனையாத நிலம். அதைச் சரிசெய்தால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை உங்கள் எண்களைக் கொண்டே பார்க்கலாம். அதற்கு முன், எந்த முறை எதைக் கணக்கிடுவதற்காகப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மழைநீரைப் பற்றி ஒரு பொறியாளர் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. எவ்வளவு வேகமாக வரும், மொத்தம் எவ்வளவு வரும், எந்த நேரத்தில் எவ்வளவு வரும். வடிகாலின் அகலத்தையும் ஆழத்தையும் தீர்மானிக்க முதல் கேள்வி போதும். ஏரியோ குளமோ வெட்டி நீரைத் தேக்கிவைக்க இரண்டாவது கேள்விக்கு விடை வேண்டும். ஒரு கால்வாய் மற்றொன்றோடு சேரும் இடத்தில் இரண்டு உச்சங்களும் ஒரே நேரத்தில் வந்து மோதுமா, முன்பின்னாக வருமா என்று பார்க்க மூன்றாவது கேள்விதான் கேட்கப்பட வேண்டும். ரேஷனல் முறை முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். கர்வ் நம்பர் முறை அடிப்படையில் இரண்டாவது கேள்விக்கு உரியது. உச்ச ஓட்டம் வேண்டுமானால் அதன் மேல் ஒரு ஹைட்ரோகிராஃபை, அதாவது நேரத்துக்கு எதிரான ஓட்ட வரைபடத்தை, ஏற்றிவைக்க வேண்டும்.

ரேஷனல் முறையின் வேர் அயர்லாந்தில் இருக்கிறது. 1851-ல் மல்வனி என்பவர் முன்வைத்த கருத்தை, 1889-ல் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் குய்க்லிங் என்ற பொறியாளர் கழிவுநீர்க் குழாய்களுக்குப் பயன்படுத்தினார். சூத்திரம் மிக எளிது: ஓட்டக் கெழு (மழையில் எவ்வளவு பங்கு வழிந்தோடும் என்ற எண்), மணிக்கு மி.மீ. கணக்கில் மழையின் தீவிரம், ஹெக்டேரில் பரப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். 0.6, 60, 80 ஆகியவற்றைப் பெருக்கி வகுத்ததால்தான் உங்களுக்கு 8 கன மீட்டர், அதாவது சுமார் 282 கன அடி, கிடைத்தது. எளிமைதான் இதன் பலம். ஆனால் சூத்திரத்தில் தெரியாத நான்காவது உறுப்பு ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. அதுதான் நீர் திரளும் நேரம். பகுதியின் மிகத் தொலைவான மூலையில் விழுந்த துளி வெளியேறும் இடத்தை வந்தடைய ஆகும் நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம் நீடிக்கும் மழையின் சராசரித் தீவிரத்தைத்தான் அந்தப் பெருக்கலில் வைக்க வேண்டும். நேரம் குறைந்தால் தீவிரம் கூடும், தீவிரம் கூடினால் உச்சமும் கூடும்.

நீங்கள் இந்த நேரத்தைக் கிர்பிச் சூத்திரத்தால் கணக்கிட்டிருக்கிறீர்கள். 1500 மீட்டர் நீளத்தில் 3 மீட்டர் இறக்கம் என்று போட்டால் ஏறக்குறைய 60 நிமிடம் வருகிறது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் கிர்பிச் 1940-ல் தந்த அந்தச் சூத்திரம் அமெரிக்காவின் டென்னசியில் இருந்த சிறு வேளாண் நிலங்களின் தரவிலிருந்து வந்தது. அங்கே சரிவு நூற்றுக்கு மூன்று முதல் பத்து வரை இருந்தது. உங்கள் நிலத்தின் சரிவு ஆயிரத்துக்கு இரண்டு. சூத்திரம் தன் எல்லைக்கு வெகு வெளியே நின்றுகொண்டுதான் உங்களுக்கு விடை சொல்கிறது. இதைவிடத் தெருவில் இறங்கிக் கணக்கிடுவது மேல். கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் நீர் வடிகாலின் வாய்க்கு வந்துசேர 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகாலுக்குள் நீர் விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் ஓடினால் 1500 மீட்டரைக் கடக்க 31 நிமிடம் ஆகும். மொத்தம் 46 நிமிடம். அந்த நேரத்துக்கு உரிய தீவிரம் மணிக்கு 70 மி.மீ. என்று வைத்தால், வேறு எதையும் மாற்றாமலேயே உச்ச ஓட்டம் 8-லிருந்து 9.3 கன மீட்டராக ஏறிவிடுகிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால், நாம் வடிகாலைக் கட்டுவதாலேயே நீர் விரைந்து திரள்கிறது; கட்டுவதற்கு முந்தைய நிலத்தின் நேரத்தை வைத்து வடிகாலின் அளவைத் தீர்மானித்தால், கட்டி முடித்த அன்றே அது சிறியதாகிவிடும்.

ஓட்டக் கெழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடியிருப்புப் பகுதி என்றால் 0.6 என்று பழைய அட்டவணைகளைப் பார்த்து எழுதும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வெளியிட்ட நகர்ப்புற வெள்ள வழிகாட்டுதல்கள், புதிய வடிகால்களுக்கு இந்தக் கெழுவை 0.95 வரை எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. இன்று பாதி காலியாகக் கிடக்கும் மனைகள் வடிகாலின் ஆயுட்காலத்துக்குள் நிரம்பிவிடும் என்பதை யோசித்தால் அது மிகையான எண் அல்ல. உங்கள் பகுதிக்கு 0.85 என்று வைத்தாலே 60 மி.மீ. தீவிரத்துக்கு 11.3 கன மீட்டர் வந்துவிடும். ஆக, ரேஷனல் முறை என்ற ஒரே முறைக்குள்ளேயே 8, 9.3, 11.3 என்று மூன்று விடைகள் இருக்கின்றன. உங்களைக் கலங்கவைத்த வித்தியாசத்தை இதுவும் கிட்டத்தட்ட நெருங்கிவிடுகிறது.

இனி கர்வ் நம்பர். இது அமெரிக்க வேளாண்மைத் துறையின் மண் பாதுகாப்புச் சேவை 1950-களில் உருவாக்கியது. சிறு வேளாண் நிலங்களில் ஒரு நாள் மழைக்கு எவ்வளவு நீர் வழிந்தோடியது என்ற பதிவுகளே இதற்கு அடித்தளம். நிலத்தின் தன்மையை 0 முதல் 100 வரையிலான ஒரே எண்ணில் அடக்குவது இதன் உத்தி. அந்த எண்ணால் 25,400-ஐ வகுத்து 254-ஐக் கழித்தால் மண் அதிகபட்சம் எத்தனை மி.மீ. நீரைப் பிடித்துவைக்கும் என்பது தெரியும். அதில் ஐந்தில் ஒரு பங்கு மழையின் தொடக்கத்திலேயே இலையிலும் பள்ளத்திலும் தரையிலும் தொலைந்துவிடும் என்று கொள்கிறார்கள். மழையில் அதைக் கழித்து, வரும் எண்ணை வர்க்கப்படுத்தி, அதே எண்ணோடு பிடிப்புத்திறனைக் கூட்டி வந்த தொகையால் வகுத்தால் வழிந்தோடும் நீரின் ஆழம் கிடைக்கிறது.

இந்த முறையின் உண்மையான அழகு ஓட்ட விகிதம் மழையோடு சேர்ந்து மாறுவதில் இருக்கிறது. நீங்கள் எடுத்த 85 என்ற எண்ணையே வைத்துப் பாருங்கள். 60 மி.மீ. மழைக்கு 27 மி.மீ. ஓடுகிறது, அது மழையில் 45 சதவீதம். 200 மி.மீ. மழைக்கு 155 மி.மீ. ஓடுகிறது, 77 சதவீதம். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பதிவான 494 மி.மீ. மழையை வைத்தால் 444 மி.மீ. ஓடுகிறது, கிட்டத்தட்ட 90 சதவீதம். அதே மண், அதே வீடுகள். மழை பெருகப் பெருக மண்ணின் பங்கு சுருங்கி, கடைசியில் அது கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறது. ரேஷனல் முறையின் கெழு இந்த மாற்றத்தைத் தானாகக் காட்டாது. நாம்தான் பெரிய மழைக்குக் கெழுவை உயர்த்தி வைக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிறு கணக்கை இங்கே சொல்ல வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். 60 மி.மீ. மழையில் அந்த மனையின் மேல் விழுவது 13.4 கன மீட்டர் நீர். ஒரு கன மீட்டர் கொள்ளும் உறைகுழி ஒன்று அங்கே இருந்தால், அது பிடித்துவைப்பது 4.5 மி.மீ. மழைக்குச் சமம். கர்வ் நம்பர் மொழியில் சொன்னால் உறைகுழி தொடக்க இழப்பை நாலைந்து மில்லிமீட்டர் உயர்த்துகிறது, அவ்வளவே. நிலத்தடி நீருக்கு அது பெரிய கொடை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் சேகரிப்பு இருப்பதால் ஓட்டக் கெழுவை 0.4 ஆகக் குறைத்துக்கொண்டோம் என்று அறிக்கையில் எழுதுவதற்கு அதில் இடமில்லை. உச்சம் வருவதற்கு வெகு முன்பே குழி நிரம்பியிருக்கும்.

இப்போது உங்கள் 85-க்கு வருகிறேன். மூன்றில் இரண்டு பங்கு தரை மூடப்பட்ட நெருக்கமான குடியிருப்புக்கு அமெரிக்க அட்டவணை தரும் எண், மண்ணின் நீர்ப் பிரிவைப் பொறுத்து மாறுகிறது. மணல் கலந்த பி பிரிவு மண்ணுக்கு 85. நீர் இறங்காத களிமண்ணான டி பிரிவுக்கு 92. நீங்கள் பி பிரிவின் வரிசையிலிருந்து எண்ணை எடுத்திருக்கிறீர்கள். சென்னையில் மண் ஊருக்கு ஊர் மாறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்: பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் மணல், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர்ப் பக்கம் களிமண், கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. ஏரிப் பாசனம் நடந்த வயல்கள் மனைகளாக மாறிய புறநகரில் களிமண் வண்டலைத்தான் முதலில் எதிர்பார்க்க வேண்டும். ஒரு கடப்பாரையும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தால் போதும்: ஓர் அடி ஆழம் குழி தோண்டி நீர் ஊற்றி, அரை மணி கழித்து வந்து பாருங்கள். அட்டவணையைவிட அந்தக் குழி நேர்மையாகப் பேசும்.

அடுத்தது ஈரம். மழைக்கு முந்தைய ஐந்து நாட்களில் மண் எவ்வளவு நனைந்திருந்தது என்பதை இந்த முறை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. வளர்பருவ அட்டவணைப்படி அந்த ஐந்து நாட்களில் 53 மி.மீ.க்கு மேல் பெய்திருந்தால் மூன்றாம் நிலை, அதாவது ஊறிய நிலம். வடகிழக்குப் பருவமழை நம் நகரத்துக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கைச் சில வாரங்களுக்குள் கொட்டிவிட்டுப் போவது. ஒரு புயல் சின்னம் போய் அடுத்தது வருவதற்குள் மண் காய்வதில்லை. 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. டிசம்பர் 1 மழை ஊறிக் கிடந்த நிலத்தின் மேல்தான் விழுந்தது. ஆகவே சென்னையில் வடிவமைப்புக்கு, நடுத்தர ஈரமான இரண்டாம் நிலையை எடுப்பதற்கு நான் காரணம் காணவில்லை. மூன்றாம் நிலைக்கு மாற்றினால் உங்கள் 85 என்பது 93 ஆகிறது. அதே 60 மி.மீ. மழைக்கு ஓடும் நீர் 27-லிருந்து 42 மி.மீ. ஆக உயர்கிறது. மணற்பகுதிக்காரர்களும் இதில் தப்ப முடியாது. கடலோர மணல் கோடையில் நீரைக் குடித்துவிடும். ஆனால் டிசம்பரில் கிணற்று நீர் தரைமட்டத்துக்கு அருகில் ஏறி நிற்கும்போது, மணலுக்குள் நீர் இறங்க இடமே இருப்பதில்லை.

சரி, எண்களைச் சேர்த்துப் பார்ப்போம். ஒரு மணி நேர மழை, ஒரு மணி நேரத் திரளும் நேரம் ஆகியவற்றுக்கு மண் பாதுகாப்புச் சேவையின் முக்கோண ஹைட்ரோகிராஃபில் உச்சத்தை எட்ட 1.1 மணி நேரம் ஆகிறது. 27 மி.மீ. ஓட்டத்துக்கு உச்சம் விநாடிக்கு 4.1 கன மீட்டர். இதுதான் உங்கள் விடை. ஊறிய நிலத்துக்கு 42 மி.மீ. என்று வைத்தால் 6.3. களிமண்ணுக்கு உரிய 92-ஐ எடுத்து அதையும் ஊறிய நிலைக்கு மாற்றினால் எண் 96 ஆகிறது, உச்சம் 7.4. ரேஷனல் முறை தந்த 8-க்கும் இதற்கும் இடையில் இப்போது எட்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசமே மிஞ்சுகிறது. இடைவெளியில் பெரும்பகுதியை மூடியது மண்ணும் ஈரமும்தான்.

மிஞ்சுவதற்கும் காரணம் இருக்கிறது. 0.6 என்ற கெழு, 60 மி.மீ. மழையில் 36 மி.மீ. ஓடுகிறது என்று சொல்கிறது. ரேஷனல் முறை அந்த 36 மி.மீ. நீரை இரண்டு மணி நேர முக்கோணத்துக்குள் திணிக்கிறது. முக்கோண ஹைட்ரோகிராஃபோ தன் நீரை ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்குப் பரப்பிவிடுகிறது. அதனால்தான் 42 மி.மீ. ஓடினாலும் உச்சம் 6.3-லேயே நின்றுவிட்டது. இந்தப் பரப்பல்கூட மாறாத இயற்கை விதி அல்ல. அந்த முக்கோணத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும் கெழுவுக்கு அமெரிக்க அலகில் வழக்கமான மதிப்பு 484. செங்குத்தான மலைப்பகுதிக்கு அதை 600 வரையும், தட்டையான சதுப்பு நிலத்துக்கு 300 வரையும் மாற்றிக்கொள்ளலாம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள நிலத்துக்கு மென்பொருள் தானாக வைத்த 484-ஐ அப்படியே விட்டுவிட்ட அறிக்கைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அங்கே உச்சம் மிகையாகவும், நீர் தேங்கி நிற்கும் நேரம் குறைவாகவும் வரும். தேங்கும் நேரம்தான் அங்குள்ளவர்களின் உண்மையான துன்பம்.

பழைய சூத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணத்துக்காக 1884-ல் வந்த ரைவ்ஸ் சூத்திரம் இன்னும் நம் கோப்புகளில் உயிரோடு இருக்கிறது: சதுர கிலோமீட்டரில் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி ஒரு கெழுவால் பெருக்குவது, கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் அந்தக் கெழு 6.8. உங்கள் 0.8 சதுர கி.மீ.க்கு அது 5.9 கன மீட்டர் தருகிறது. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் அதற்குள் மழையும் இல்லை, வீடும் இல்லை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்பதும் இல்லை. 500 சதுர கி.மீ. பரப்புக்கு அதே சூத்திரம் 428 கன மீட்டர், அதாவது சுமார் 15,000 கன அடி தரும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரி ஒன்றிலிருந்து மட்டும் 29,000 கன அடி வரை அடையாற்றில் திறக்கப்பட்டது. ரைவ்ஸை ஒரு குறுக்குச் சோதனைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். அதே காலத்தைச் சேர்ந்த ஸ்ட்ரேஞ்ச் அட்டவணைகள் ஏரிக்கு ஒரு பருவத்தில் எவ்வளவு நீர் வரும் என்பதற்கானவை; வெள்ளத்துக்கு அவை உதவா.

பரப்பு சில நூறு ஹெக்டேரைத் தாண்டும்போது ரேஷனல் முறையைக் கீழே வைத்துவிட வேண்டும். பகுதி முழுவதும் ஒரே சீராக மழை பெய்கிறது என்ற அதன் நம்பிக்கை அங்கே உடைந்துபோகிறது. 1932-ல் ஷெர்மன் அறிமுகப்படுத்திய யூனிட் ஹைட்ரோகிராஃப், அதாவது பகுதி முழுவதும் ஓர் அலகு ஆழம் வழிந்தோடும் நீர் நேரத்தில் எப்படிப் பரவி வரும் என்ற வரைபடம், அந்த இடத்துக்கு உரியது. அளவீடு இல்லாத ஆறுகளுக்கு, நாட்டை 26 துணை மண்டலங்களாகப் பிரித்து மத்திய நீர்வள ஆணையம் வெளியிட்ட வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகள் உதவும். ஆனால் அடையாற்றின் மேல்பகுதியைப் போல ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட நிலத்தில் அதுவும் முழுதாகப் பொருந்தாது. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து போக்குக் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும் அமைப்பில், ஏரிகள் காலியாக இருக்கும் அக்டோபரில் ஆற்றுக்கு வரும் வெள்ளமும், எல்லாம் நிரம்பித் தளும்பும் டிசம்பரில் வரும் வெள்ளமும் ஒரே மழைக்கு ஒன்றாக இருக்காது. அங்கே ஒவ்வொரு ஏரியையும் தனித்தனியாக, அதன் கொள்ளளவோடும் கலங்கலின் நீளத்தோடும், எச்.இ.சி.-எச்.எம்.எஸ். போன்ற மென்பொருளில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆக்கிரமிப்பில் சுருங்கிய ஏரிக்குப் பழைய பதிவேட்டில் இருக்கும் கொள்ளளவை வைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இதுவரை சொன்ன எல்லா முறைகளும் நீர் மேலிருந்து வருவதைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. கீழே அது வெளியேற முடியுமா என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. சென்னையில் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கரணையின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு முகத்துவாரம் வரை போய்த்தான் கடலைக் காண்கிறது. அங்கே ஓத நீர் ஏறியிருந்தாலோ, முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தாலோ, கால்வாய் முழுவதும் நீர்மட்டம் உயர்ந்து, அதில் சேரும் வடிகால்கள் பின்னோக்கித் தள்ளப்படும். அப்போது 8 கன மீட்டருக்குக் கட்டிய வடிகாலில் 3 கன மீட்டர்கூட ஓடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எஸ்.டபிள்யூ.எம்.எம். என்ற மென்பொருள் 1971 முதல் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஓட்டத்தைக் கணக்கிட டைனமிக் வேவ் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பின்தள்ளலையும் அது காட்டும். கினமாட்டிக் வேவ் வழியைத் தேர்ந்தெடுத்தால் காட்டாது. நீர் எப்போதும் கீழ்நோக்கியே போகும் என்று அது நம்பிவிடுகிறது. மென்பொருளைப் பயன்படுத்தினேன் என்பதைவிட எந்த வழியில் ஓட்டினேன், கடைமுனையில் என்ன நீர்மட்டம் வைத்தேன் என்பதைத்தான் அறிக்கையைப் படிப்பவர் தேடுவார். குறைந்தபட்சம் நான் தேடுவேன்.

முறையைவிடப் பெரிய பிழைகள் இரண்டு உண்டு. ஒன்று மழை. 2015-ல் அதே 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. நுங்கம்பாக்கத்தின் பதிவை வைத்து முடிச்சூருக்குக் கணக்குப் போட்டால் எந்த முறையாலும் அந்தப் பிழையைத் திருத்த முடியாது. மற்றொன்று எல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் தென்புறநகரில் ஒரு மனைப்பிரிவுக்கு, சமஉயரக் கோட்டு வரைபடத்தைப் பார்த்து 45 ஹெக்டேர் என்று நான் எல்லை வரைந்தேன். கணக்கு அத்தனை சுத்தமாக இருந்தது. முதல் பெருமழைக்கு வடிகால் நிரம்பி வழிந்தபோது குடையோடு நடந்து போய்ப் பார்த்தேன். ரயில் பாதையின் மேட்டுக்குக் கீழே, வரைபடத்தில் இல்லாத, முட்புதர் மூடிய ஒரு சிறு மதகு வழியாக அந்தப் பக்கத்து நீரெல்லாம் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. உண்மையான பரப்பு 70 ஹெக்டேருக்குக் குறையாது. கெழுவுக்கு இரண்டாவது தசம இடம்வரை விவாதித்த நான், பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கோட்டைவிட்டிருந்தேன். தட்டையான ஊரில் நீரின் எல்லையை மலை முகடு தீர்மானிப்பதில்லை. உயர்த்திப் போட்ட சாலையும் சுற்றுச்சுவரும் மதகுமே தீர்மானிக்கின்றன. மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒருமுறை நடந்து பார்க்காமல் எல்லையை முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் 80 ஹெக்டேருக்கு நான் செய்வது இதுதான். வடிகாலின் குறுக்குவெட்டுக்கு ரேஷனல் முறையையே எடுத்துக்கொள்வேன், கெழுவை 0.85 ஆகவும், திரளும் நேரத்தைத் தெருவிலிருந்து கூட்டியும் வைப்பேன். பகுதியின் தாழ்ந்த முனையில் ஒரு தேக்கக் குளம் யோசனையில் இருந்தால், அதற்குக் கர்வ் நம்பரை 96-ல் வைத்து, ஒரு மணி நேர மழைக்கு அல்ல, 24 மணி நேர மழைக்குக் கனஅளவைப் போடுவேன். பருவமழையில் குளத்தை நிரப்புவது நீண்ட மழைதான். பிறகு இரண்டையும் எஸ்.டபிள்யூ.எம்.எம்.-ல் ஏற்றி, வடிகால் சேரும் கால்வாய் நிரம்பி நிற்கும் நிலையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன்.

அந்த மாதிரியைச் சரிபார்க்க ஓட்டமானி உங்களிடம் இருக்காது. ஆனால் முடிச்சூர்ப் பக்கத்தில் பழைய வீடுகளின் சுற்றுச்சுவர்களில் 2015 வெள்ளம் விட்டுச்சென்ற பழுப்புக் கோட்டை வெள்ளையடிக்காமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கக்கூடும். அழிந்திருந்தாலும், நீர் எத்தனையாவது படிவரை வந்தது என்று வீட்டுக்காரர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள். ஒரு டேப்பையும் லெவல் கருவியையும் எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து வீடுகளில் அந்த உயரத்தைக் கடல்மட்டக் கணக்குக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் எந்த மணிக்கு ஏறத் தொடங்கியது, எத்தனை நாள் நின்றது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாம்பரத்தின் 494 மி.மீ. மழையையும், அன்று அடையாற்றில் இருந்த நீர்மட்டத்தையும் கொடுத்து ஓட்டும்போது உங்கள் மாதிரி அந்த உயரங்களுக்கு ஓர் அடிக்குள் வந்தால், 8 என்று எழுதுவதா 11 என்று எழுதுவதா என்பதை அதுவே உங்களுக்குச் சொல்லிவிடும். வரவில்லையென்றால் கெழுவைத் திருகத் தொடங்காமல், மதகு எதையாவது விட்டுவிட்டோமா என்று முதலில் தேடுங்கள்.